பத்து மணிக் கதவு

பிப்ரவரி 18, ஞாயிறு

இன்று நான் சொல்லாதது: ஏழாவது ஆளின் காலில் விழுந்தபோது என்னால் எழ முடியவில்லை.

சின்னவலசில் மாமனாரின் பங்காளி வீட்டு விருந்து. கல்யாணமாகி நான்காவது வாரம். இது ஒன்பதாவது விருந்து. ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் ஆரத்தி, பிறகு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், பிறகு தரை. என் கணவர் விழுவதும் எழுவதும் பந்து மாதிரி. நான் எண்ணிக்கொண்டே விழுந்தேன். ஆறு வரை சரி. ஏழாமவர் வேட்டியில் மூக்குப்பொடி வாசனை. என் நெற்றி தரையைத் தொட்டதும் இடுப்பில் ஏதோ ஒரு கம்பி கழன்று இடது கால் வழியாகக் கணுக்கால் வரை ஓடியது. சிவப்பு சிமெண்டு தரை. கண்ணுக்கு மிக அருகில் ஓர் எறும்பு ஒரு சோற்றுப் பருக்கையை இழுத்துக்கொண்டு போனது.

"எந்திரி கண்ணு, போதும்" என்றார் பெரியவர்.

நான் எழவில்லை.

"பாருங்கப்பா! இந்தக் காலத்துல இப்படி ஒரு புள்ள. நம்மூட்டுப் புள்ளைக எல்லாம் நட்டுவெச்ச குச்சியாட்ட நின்னுக்கிட்டே கும்புடறாளுக."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை வந்து என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். "வெய்யில்ல வந்தது அவளுக்குச் சேரல. மத்தவீங்களுக்கு நின்னே கும்புட்டுக்கட்டும்" என்று பொதுவாகச் சொன்னார்.

பணிவுள்ள மருமகள் என்ற பெயர் சாப்பாட்டுப் பந்திக்குள் நுழைவதற்குள் எனக்கு முன்னால் போய்விட்டது.

பிப்ரவரி 19, திங்கள்

இந்த டைரி உரக்கடையில் மாமாவுக்கு இலவசமாகக் கிடைத்தது. அவருக்கு எழுதும் பழக்கம் இல்லை. எனக்குத் தந்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு நெற்கதிர். பீரோவில் முகூர்த்தப் பட்டுக்குக் கீழே வைக்கிறேன். அந்தப் பட்டை யாரும் அடுத்த விசேஷம் வரை தொட மாட்டார்கள்.

எழுதி வைக்க ஓர் இடமாவது வேண்டும் என்பதால் எழுதுகிறேன். கல்லூரி மூன்றாம் ஆண்டில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்தேன். முதுகின் அடியில் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்து பிதுங்கிவிட்டதாக ஸ்கேன் சொன்னது. ஊசி, பெல்ட், தைலம் என்று ஒரு வருடம் போனது. உட்கார முடியாமல் நின்றுகொண்டே படித்தேன். என் புத்தகங்களில் பாதி பிரிட்ஜின் மேல் விரித்து வைத்துப் படித்தவை. கடைசியில் கோயம்புத்தூரில் ஜெசிந்தா என்ற பிசியோதெரபிஸ்ட் ஒரு தாளில் ஆறு குச்சி மனிதர்களை வரைந்து கொடுத்தார்.

"தினமும் இருபது நிமிஷம், தரையில. மெத்தையில செஞ்சா செஞ்சதுக்குச் சமமே இல்ல. பல் விளக்கறோம்ல, அந்த மாதிரி. வலி போயிடுச்சேன்னு நிறுத்துனீங்க, அது வழி மறக்காம திரும்பி வரும்."

நாலு வருடம் செய்தேன். வலி போனது. போனதால்தான் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா சொல்லவில்லை. "இப்ப வலியில்லைல்ல? இல்லாததை எதுக்குச் சொல்லோணும்?"

கல்யாண வேலைகளில் நிறுத்தியது. இன்றோடு முப்பத்து மூன்று நாள்.

பிப்ரவரி 24, சனி

மெத்தை அப்பா சீராகக் கொடுத்தது. இருப்பதிலேயே விலை கூடியதைத் தேடி வாங்கினார். படுத்தால் ஆள் காணாமல் போகும் அளவுக்கு மென்மை. காலையில் எழும்போது என் இடுப்பு அந்தக் குழியின் வடிவத்திலேயே இருக்கிறது.

பக்கத்திலேயே தரை இருக்கிறது. குளிர்ந்த, தட்டையான, நல்ல தரை. ஆனால் புதுப்பெண் தரையில் படுத்தால் புருசனோடு சண்டை என்று பொருள்.

மார்ச் 3, ஞாயிறு

வீட்டை இன்று ஒரு திருடியைப் போல அளந்தேன். குளியலறை: ஐந்தடி, ஈரம். சமையலறை: மேடைக்கும் கிரைண்டருக்கும் நடுவே படுத்தால் கால் வெளியே நீளும். மொட்டை மாடி: மூன்று வீட்டு மாடிகளிலிருந்து தெரியும். ஹால்: காலை ஏழு முதல் மாமா. பால் சொசைட்டியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தொலைக்காட்சிக்குச் செயலாளர்.

எங்கள் அறை ஹாலைப் பார்த்திருக்கிறது. கணவர் ஆறரைக்குப் பெருந்துறை கம்பெனி வேனில் போன பிறகு அந்த அறை காலிதான். ஆனால் பகலில் மருமகள் தனியாகக் கதவைச் சாத்துவது இங்கே வழக்கமில்லை. யாரும் தடுக்க மாட்டார்கள். கேட்பார்கள், அவ்வளவுதான். "ஏங்கண்ணு, ஒடம்புக்குச் சேரலியா?" என்று.

நான் படித்த நாவல்களில் நோயாளிகள் எல்லோரும் ஜன்னலோரம் அழகாகப் படுத்திருப்பார்கள். ஆறடித் தரைக்காக அலைந்தவள் ஒருத்தியும் நினைவுக்கு வரவில்லை.

மார்ச் 9, சனி

அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள், அங்கே யாரும் இல்லாதபோதும்.

"அங்க போய் வாயத் தொறந்துறாத தாரணி. மறைச்சுக் கட்டிக்கொடுத்துட்டாங்கன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா உங்கப்பா தலை நிமிர முடியாது."

"என்னால குனிய முடியலம்மா."

"ஒரு கொழந்தை ஆகட்டும். அப்பறம் சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பிரசவத்துல வந்ததுன்னு சொல்லிக்கலாம்."

வலிக்கு ஒரு பிறந்த தேதி குறித்துக் கொடுத்துவிட்டாள்.

மார்ச் 12, செவ்வாய்

இடது கால் பெருவிரல் மரத்திருக்கிறது. தொட்டியிலிருந்து நாலு குடம் தண்ணீர் தூக்கினேன். மாவு ஆட்டினேன். கோலத்தை நேற்றைவிடச் சின்னதாகப் போட்டேன்.

மார்ச் 18, திங்கள்

மாமா சந்தைக்குப் போயிருந்தார். அத்தை கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் போட்டேன்.

அறுபது நாளுக்குப் பிறகு தரை. மல்லாந்து, முழங்கால் மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி, பத்து எண்ணி இறக்கினேன். முதல் தடவை பாதிதான் உயர்ந்தது. ஆறாவது குச்சி மனிதன் எப்போதும் ஓய்வு: புட்டம் சுவரோடு ஒட்டியிருக்க, இரண்டு கால்களும் சுவரின் மேல் நேராக நிற்க, ஐந்து நிமிடம். அப்படிக் கிடந்தபோது தலையைத் திருப்பினால், கொல்லைப்புற ஜன்னலில் அத்தை. கையில் என் பாவாடை, காயப்போடக் கொண்டுவந்தது.

எவ்வளவு நேரமாக நின்றாரோ. நகர்ந்துவிட்டார்.

நான் கதவைத் திறந்தபோது வாசலிலேயே ஒரு தலையணையோடு நின்றார்.

"இத இடுப்புக்குக் கீழ வெச்சுக்கோ. மேகலாளுக்கும் ஒரு வருசம் வயித்துல நிக்கல. அப்பறம் இப்படித்தான் காலச் செவுத்துல வெச்சுப் படுத்துக் கெடந்தா. அடுத்த மாசமே நின்னுக்கிச்சு."

மேகலா என் நாத்தனார். திருப்பூரில் இருக்கிறாள், இரண்டு குழந்தைகள். அத்தை என்ன நினைத்துவிட்டார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. 'இல்லீங்க அத்தை' என்ற வார்த்தை நாக்கில் வந்து நின்றது. தலையணையை வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 19, செவ்வாய்

காலை பத்து மணிக்கு அத்தையே வந்து, "போ, போயி செத்த நேரம் படு" என்றார். பிறகு ஹாலில் சத்தமாக, "ஏனுங்க, அந்த டிவியச் சித்தெ கம்மி பண்ணுங்க. அவ படுக்கோணும்."

"பகல்ல என்ன படுக்கை?"

"பேரன் வேணுமா வேண்டாமா உங்களுக்கு?"

தொலைக்காட்சி ஊமையானது. கதவை வெளியிலிருந்து அத்தையே சாத்தினார்.

மார்ச் 31, ஞாயிறு

பதிமூன்று நாள், ஒன்றுகூட விடவில்லை. குடம் என் கையிலிருந்து பிடுங்கப்பட்டுவிட்டது. கிரைண்டரின் பக்கம் போகக் கூடாது. ஜெசிந்தா எழுதிக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்காது.

நான் கேட்டுப் பெறாதது எல்லாம் கிடைக்கிறது, இல்லாத ஒரு குழந்தையின் பெயரில்.

ஏப்ரல் 5, வெள்ளி

சேலைக் கொசுவத்தின் நுனியைக் குனிந்து சரிசெய்தேன். நிமிர்ந்த பிறகுதான் குனிந்தது நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. அவர் ஒரு கிலோ மாதுளை வாங்கி வந்தார். உரித்து, ஒரு கிண்ணத்தில் போட்டு, என் பக்கம் பார்க்காமல் நீட்டினார். "அம்மா சொன்னாங்க" என்றார். காது சிவந்திருந்தது. ஜெகதீஷ் என்ற இந்த மனிதரோடு மூன்று மாதம் வாழ்ந்திருக்கிறேன். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்ததில்லை.

அப்போது சொல்லியிருக்கலாம். வாயில் மாதுளை இருந்தது.

ஏப்ரல் 23, செவ்வாய்

தூரமானேன். அத்தையின் முகம் வாடியது. மாமா தொலைக்காட்சியை நேற்றைவிடச் சத்தமாக வைத்தார். நாளை பத்து மணிக்குக் கதவு மூடுமா என்பதுதான் என் கவலை. எழுதிப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் கவலை.

ஏப்ரல் 24, புதன்

மூடியது.

மே 16, வியாழன்

கத்திரி வெயில். மாங்காய் அரிந்து உப்பில் போட்டோம். அத்தை பாயில் படுத்து எழும்போது முதலில் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, பிறகு எழுகிறார். சமையலறையில் நிற்கும்போது ஒரு காலை முக்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொள்கிறார். அரிசி களையும்போது இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டுகிறார். சேலை நழுவாமல் இருக்க என்று நினைக்கிறேன். வயதானவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம்.

மாமாவின் கால்பெருவிரலுக்குக் கீழே விழுந்த ரிமோட்டை எடுத்துக் கொடுக்க அத்தை இரண்டு தடவை குனிய வேண்டியிருந்தது. அவர் காலை நகர்த்தவில்லை.

மே 21, செவ்வாய்

மறுபடியும் தூரம். மேகலா போனில் அரை மணி நேரம். "அஞ்சாவது மாசம் நடக்குது. ஒரு தடவ ஈரோட்டுல காட்டிருங்க" என்று மாமா அத்தையிடம் சொன்னார். என்னிடம் இல்லை. நான் பக்கத்தில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கேட்பார். விழுந்தது, ஸ்கேன், எல்லாம் கேட்பார். அத்தை பக்கத்தில் இருப்பார்.

ஜூன் 10, திங்கள்

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றாமலே கேள்விகளைப் படித்தார்.

"முன்னாடி ஏதாச்சும் ஆபரேஷன்? பெரிய காயம்? முதுகு வலி, டிஸ்க் பிரச்சினை?"

நான் வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா" என்றார் அத்தை. "நல்ல ஒடம்பு. பாருங்க, நேரா உக்காந்திருக்கறா."

என்னைவிட வேகமாக என் பொய்யை அவர் சொன்னார். டாக்டர் மாத்திரை எழுதினார். பயப்பட ஒன்றுமில்லை, இன்னும் ஆறு மாதம் பொறுத்து வாருங்கள் என்றார்.

அந்தியூர் பேருந்தில் கடைசிக்கு முந்திய இருக்கை. எனக்கு ஜன்னல். பவானி தாண்டி ஒரு வேகத்தடை. டிரைவர் பிரேக்கைத் தொடவில்லை. நான் வழக்கம்போல முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்து, இருக்கையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பி, இடி முதுகில் இறங்காமல் பார்த்துக்கொண்டேன். அதே கம்பியில், அதே நொடியில், இன்னொரு ஜோடிக் கை. அத்தையும் எழும்பியிருந்தார்.

திரும்ப இருக்கையில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் இருவரும் எதிரில் இருந்தவரின் வழுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எப்ப இருந்துங்க அத்தை?"

"மேகலா வயித்துல இருந்தப்ப ஆரம்பிச்சுது. நாலு எரும அப்ப. குக்கிக் குக்கி உக்காந்து பால் கறந்தது. முப்பத்திமூணு வருசம்."

"மாமாவுக்குத் தெரியுமுங்களா?"

"என்னத்தச் சொல்றது? எருமைக்கு நோவுன்னா சொசைட்டில இருந்து டாக்டரக் கூட்டிக்கிட்டு வருவாரு. நாம எருமையா?" சிரித்தார். பிறகு, "உனக்கு?"

சொன்னேன். ஸ்கூட்டி, ஸ்கேன், ஜெசிந்தா, அம்மா சொன்னது. நாலரை மாதம் இந்த வீட்டில் யாரிடமும் சொல்லாததைச் சொல்ல இரண்டு நிறுத்தங்கள்தான் ஆனது.

"சின்னவலசுல உழுந்து கெடந்தியே, அன்னிக்கே தெரியும்" என்றார். "பணிவாம்! அந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்? நோவுல ஒதட்டக் கடிக்கற மூஞ்சி எனக்குத் தெரியாதா? என்ற மூஞ்சிதான அது."

"அப்பறம் அந்தத் தலகாணி..."

"வேற என்னத்தச் சொல்லி அந்தக் கதவச் சாத்த வெக்கறது? இடுப்பு நோவுன்னு சொன்னா ஒங்க மாமா நாளைக்கே உங்கப்பனுக்குப் போனப் போட்டு என்ன ஏதுன்னு கேட்டிருப்பாரு. பேரன்னு சொன்னாத்தான் அந்த டிவி அடங்கும்."

"மாசா மாசம் மூஞ்சி வாடுனதுங்க?"

"ஆசை இல்லாமயா இருக்கும்" என்றார்.

ஜூன் 12, புதன்

அத்தை பூஜை அலமாரியிலிருந்து திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு, "நானும் உள்ள உக்காந்து சாமி கும்புடறனுங்க, கொழந்த வேணும்னு" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டார். தட்டைக் கட்டிலின் மேல் வைத்தார். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தரையில் படுத்தார்.

இடுப்பைத் தூக்கச் சொன்னேன். அரை அங்குலம். "அவ்வளவுதான் வருது." "போதுமுங்க, நாளைக்கு முக்கால்." நாலு காலில் நின்று முதுகை மேலே வளைத்துக் கீழே இறக்கும் மூன்றாவது குச்சி மனிதனிடம் வந்தபோது, "இது எரும எந்திரிக்கறாப்பல இருக்குது" என்று தொடங்கி, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். கால்களைச் சுவரில் வைத்துப் பக்கம் பக்கமாகக் கிடந்தோம். அவர் பாதங்களில் வெடிப்பு. கண்ணை மூடியிருந்தார். அழுகிறாரோ என்று பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தார்.

ஜூன் 29, சனி

அத்தை முக்காலியைச் சமையலறையிலிருந்து எடுத்துவிட்டார். தேவைப்படவில்லையாம். கையை ஊன்றாமல் பாயிலிருந்து எழுந்து காட்டினார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. ஹாலில் காட்ட முடியாது என்பதால் என்னிடம்.

ஜூலை 8, திங்கள்

நாள் தள்ளிப்போய் மூன்று வாரம். சோதனைக் குச்சியில் இரண்டு கோடு. கணவர் என் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கும் சந்தோஷம்தான். எழுதும்போது சரிபார்த்துக்கொண்டேன். ஆமாம், சந்தோஷம்தான்.

மாடிக்குப் போய் ஜெசிந்தாவைப் போனில் கூப்பிட்டேன். "டாக்டர் சரின்னா நிறுத்தவே கூடாது. வயிறு பெருசாகும்போது முதுகுக்கு இன்னும் பலம் வேணும். சிலதை மாத்தித் தர்றேன்" என்றார்.

சாயங்காலம் மாமா லட்டுப் பெட்டியோடு வந்தார். ஹாலில் நின்றே தீர்ப்பு சொன்னார்: "சாமி கண்ணத் தொறந்திருச்சு. இனித் தரைல உக்கார்றது, எந்திரிக்கறது, அதெல்லாம் வேண்டாம். அவங்கப்பன் கொடுத்த மெத்தை இருக்குதல்ல? பிரசவம் வரைக்கும் அதுலயே படுத்திருக்கட்டும். கதவயும் சாத்த வேண்டியதில்ல. தொறந்தே இருக்கட்டும், காத்து வரும்."

எட்டு மாதம், அந்தக் குழிக்குள்.

அத்தையைப் பார்த்தேன். லட்டை நாலாகப் பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிரவில்லை. வேண்டியது கிடைத்துவிட்டது. இனி எந்தக் காரணத்தைச் சொல்வது?

ஜூலை 9, செவ்வாய்

பத்து மணிக்கு அத்தை அடுப்பில் பாலை வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போய் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றார், மாமாவுக்கு மறைக்கும்படி.

"எனக்கு இடுப்பு நோவுதுங்க."

"என்னது?"

"இடுப்பு நோவு. முப்பத்திமூணு வருசமா. தரைல படுத்து எக்சசைசு பண்ணுனாக் கேக்குது. தெனமும் இருபது நிமிசம். கதவச் சாத்திக்கிட்டுத்தான் பண்ணோணும். எனக்குத் தனியா எந்திரிக்க வராது, அவ தொணைக்கு இருக்கோணும்."

மாமா அத்தையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "முப்பத்திமூணு வருசமாவா? ஒரு நாளும் சொல்லலியே."

"இப்பச் சொல்றேன். பால் அடுப்புல இருக்குது, பாத்துக்கோங்க."

என் வலியைப் பற்றி அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உள்ளே போனோம். தாழ்ப்பாள் போட்டேன். வெளியே செய்தி வாசிக்கும் குரல் மெல்லக் கேட்டது.

இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தபோது பால் பொங்கி, மேடையிலிருந்து வழிந்து, தரை வரை வந்திருந்தது. மாமா அடுப்பை அணைத்திருந்தார். துடைக்கவில்லை. நானும் அத்தையும் துடைத்தோம், இடுப்பை வளைக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து.